ஒரே கவுன்ட்டி, இருபது மிடில் ஸ்கூல்

வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவில் இருக்கிறது மேரிலாந்து மாநிலத்தின் ஹோவர்டு கவுன்ட்டி. வேலைக்காக அந்தப் பக்கம் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேட ஆரம்பித்தால், தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் ஊர்களில் கொலம்பியாவும் எலிகாட் சிட்டியும் கட்டாயம் இருக்கும். "அங்கே ஸ்கூல் நல்லா இருக்கும்" என்பார்கள். சொன்ன கையோடு அடுத்த எச்சரிக்கையும் வரும்: "ஆனா எந்த மிடில் ஸ்கூல்ல விழுதுன்னு பார்த்து வாங்குங்க."

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஹோவர்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 20 அரசு மிடில் ஸ்கூல்கள் இருக்கின்றன. இருபதுக்கும் ஒரே கல்வி வாரியம், ஒரே சூப்பரின்டென்டென்ட், ஒரே பாடத்திட்டம். ஆசிரியர்களுக்கு ஒரே சம்பள அட்டவணை. பக்கத்திலுள்ள நியூ ஜெர்சியில் ஊருக்கு ஊர் தனி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் உண்டு. மாநிலம் முழுக்க எண்ணினால் 600ஐ நெருங்கும். வசதியான ஊர் தன் சொத்து வரியைத் தன் பள்ளிக்கே செலவழித்துக்கொள்ளும். மேரிலாந்தில் அந்த வழி கிடையாது. இங்கே மொத்தமே 24 டிஸ்ட்ரிக்ட்தான்: கவுன்ட்டிக்கு ஒன்றாக 23, பால்டிமோர் நகரத்துக்கு ஒன்று. பணம் ஒரே பையிலிருந்து வருகிறது. அப்படியிருந்தும் கிளார்க்ஸ்வில் மிடில் ஸ்கூல் எல்லைக்குள் வரும் வீட்டுக்கு ஒரு விலை, அங்கிருந்து காரில் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய வைல்ட் லேக் மிடில் ஸ்கூல் எல்லைக்குள் வரும் வீட்டுக்கு வேறு விலை.

கட்டடத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள முடியாது. வைல்ட் லேக் மிடில் ஸ்கூலின் இப்போதைய கட்டடம் 2017 ஜனவரியில் திறந்தது. ஓர் ஆண்டில் தனக்குத் தேவைப்படும் மின்சாரம் முழுவதையும் தானே உற்பத்தி செய்துகொள்ளும்படி திட்டமிட்ட, மேரிலாந்தின் முதல் பள்ளிக்கூடம் அது. கூரையில் சூரியத் தகடுகள், தரைக்கடியில் பூமியின் வெப்பத்தை எடுத்துப் பயன்படுத்தும் குழாய்கள். காசு கொடுத்துப் படிக்கும் தனியார் பள்ளி பலவற்றில் இல்லாத வசதி. ஆனால் வீடு வாங்க வருகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. கைபேசியில் வீட்டுப் படத்துக்குக் கீழே, 1 முதல் 10 வரைக்கும் உள்ள அந்த ஒற்றை எண்ணைப் பார்க்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் 1998ல் தொடங்கிய கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பு தருகிற எண் அது. ஜில்லோ போன்ற வீட்டு விற்பனைத் தளங்கள் அதை எடுத்துப் போடுகின்றன. பள்ளிக்கும் வீட்டு விலைக்கும் உள்ள உறவு இந்தத் தளங்கள் உருவாக்கியது என்று சொல்லிவிட முடியாது. பொருளாதார நிபுணர் சாண்ட்ரா பிளாக் 1999லேயே மாசசூசெட்ஸில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார். அக்கம்பக்கம் ஒன்றேதான், கோடு மட்டும் நடுவில். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளியின் பக்கத்தில் வீட்டுக்குச் சுமார் இரண்டு முதல் இரண்டரை சதவீதம் அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். கைபேசி செய்தது என்னவென்றால், அந்த எண்ணைத் தேடிப் போகத் தேவையில்லாமல் செய்துவிட்டது.

அந்த எண் எதை அளக்கிறது என்பதில்தான் சிக்கல். வெகுகாலம் அது பெரும்பாலும் தேர்ச்சி விகிதத்தையே நம்பியிருந்தது. பிறகு 2017லும் 2020லும் முறையை மாற்றி, மாணவர்களின் வளர்ச்சிக்கும் இடம் கொடுத்தார்கள். தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். கணக்குக்காக இரண்டு பள்ளிகளை வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 100 பிள்ளைகள். முதல் பள்ளியில் 90 பேர் வசதியான வீட்டிலிருந்து வருகிறார்கள். அவர்களில் 70 சதவீதம் கணிதத்தில் தேறுகிறார்கள். மீதி 10 பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் 20 சதவீதம் தேறுகிறார்கள். ஆக மொத்தம் 65 பேர் தேர்ச்சி. இரண்டாவது பள்ளியில் இரு தரப்பும் ஐம்பது ஐம்பது. வசதியான பிள்ளைகளில் 74 சதவீதமும் ஏழைப் பிள்ளைகளில் 28 சதவீதமும் தேறுகிறார்கள். மொத்தம் 51. இரண்டு தரப்புப் பிள்ளைகளுமே இரண்டாவது பள்ளியில்தான் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் பட்டியலில் அது 14 புள்ளி பின்னால் நிற்கும். தன் பிள்ளைக்கு எது நல்லது என்று தேடும் அப்பாவும் அம்மாவும் முதல் பள்ளிக்கு அதிக விலை கொடுத்துப் போவார்கள்.

நான் கற்பனையாகச் சொன்னதை நிஜ எண்களில் பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன். அமெரிக்காவின் சுமார் 11,000 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகளின் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான தேர்வு முடிவுகளை அவர் அலசி, 2017ல் வெளியிட்டார். சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் குடும்ப வசதிக்கும் தொடர்பு மிகவும் குறைவு. அவர் கண்டதிலேயே எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது சிகாகோ. ஏழைகள் அதிகம் படிக்கும் அந்த நகரப் பள்ளிகளில் பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக்கான படிப்பைக் கற்றுக்கொள்கிறார்கள். மூன்றாம் வகுப்பு மதிப்பெண், அதற்கு முந்தைய வாழ்க்கையின் கணக்கு: பிறந்ததிலிருந்து கேட்ட கதை, போன பாலர் பள்ளி, வீட்டில் இருந்த நிம்மதி. அந்தக் கணக்கைப் பள்ளியின் தலையில் எழுதிவிட்டு, அதையே தரம் என்கிறோம்.

தண்ணீர்க் குழாய் போட்ட கோடு

ஹோவர்டில் வசதியும் வறுமையும் ஏன் இப்படிப் பள்ளி வாரியாகப் பிரிந்து நிற்கின்றன? இந்தக் கவுன்ட்டிக்கு அது நடந்திருக்கவே கூடாது. ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1960களின் தொடக்கத்தில் இங்கே சுமார் 14,000 ஏக்கர் விளைநிலத்தைச் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்தார். 1967 ஜூனில் கொலம்பியா நகரம் பிறந்தது. ஒரு நிறுவனத்தின் தலைவரும் அங்கே கூட்டிப் பெருக்குகிறவரும் ஒரே ஊரில் குடியிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கறுப்பர், வெள்ளையர் என்று வீடு விற்பதில் பேதம் பார்க்கக் கூடாது என்றார். இது எவ்வளவு துணிச்சலான பேச்சு என்பது காலத்தைப் பார்த்தால் தெரியும். இனம் கடந்த திருமணத்தைத் தடை செய்த சட்டத்தை மேரிலாந்து நீக்கியதே அந்த 1967ல்தான். உச்ச நீதிமன்றம் 1954லேயே பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்திருந்தும், ஹோவர்டு கவுன்ட்டி கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஹேரியட் டப்மன் உயர்நிலைப் பள்ளியை மூட 1965 வரை எடுத்துக்கொண்டது.

கொலம்பியா பத்து 'கிராமங்களாக' வளர்ந்தது. வைல்ட் லேக்தான் முதல் கிராமம். தனி வீடு, வரிசை வீடு, வாடகைக் குடியிருப்பு எல்லாம் கலந்து கட்டினார்கள். ஆனால் கவுன்ட்டியின் மேற்குப் பகுதி வேறு மாதிரி. விளைநிலத்தைக் காக்க வேண்டும் என்று, பொதுக் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரு கோட்டைத் தாண்டி மேற்கே போகாமல் நிறுத்தினார்கள். கோட்டுக்கு அப்பால் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க். அதற்குப் பெரிய மனை வேண்டும். பெரிய மனையில் அடுக்குமாடி வராது, வாடகை வீடு அனேகமாக வராது. கிளென்வுட், ஃபாலி குவார்ட்டர் மிடில் ஸ்கூல்கள் இருப்பது அந்தப் பக்கம். நிலத்தைக் காப்பாற்ற எடுத்த முடிவு, யார் பிள்ளை யாரோடு படிக்கும் என்பதையும் முடிவு செய்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் ரவுஸின் கொலம்பியாவில் பழசாகிப்போன அடுக்குமாடிகளில் வாடகை குறைந்தது; குறைந்த வருமானக் குடும்பங்கள் அங்கே சேர்ந்தன; புதுப்பணம் மேற்கே போனது.

பள்ளி நிர்வாகம் வெளியிடும் ஒரு பக்க விவரத் தாளில் இது அப்படியே தெரியும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவச அல்லது சலுகை விலைச் சாப்பாடு உண்டு. அதற்குத் தகுதி பெற்றவர்களின் சதவீதத்தைப் பள்ளி வாரியாகப் போடுகிறார்கள். எண்ணிக்கை மிகவும் குறைவாக இருந்தால், தனிப் பிள்ளைகளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று துல்லியமான எண்ணைத் தராமல் "5 அல்லது அதற்குக் கீழ்" என்று மட்டும் மாநிலத்தின் ரிப்போர்ட் கார்டில் குறிப்பார்கள். ஒரே டிஸ்ட்ரிக்ட்டில் சில பள்ளிகளுக்கு அந்தக் குறி. சிலவற்றில் நாற்பதைத் தாண்டிய எண். அந்தத் தாளில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியையும், ஆண்டின் நடுவில் எத்தனை பிள்ளைகள் வந்துபோனார்கள் என்ற வரியையும் படித்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறும் பிள்ளைகள் வகுப்பில் பாதியாக இருந்தால், எப்பேர்ப்பட்ட ஆசிரியரும் மறுபடி மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2019 இலையுதிர் காலம்

சூப்பரின்டென்டென்ட் மைக்கேல் மார்ட்டிரானோ 2019 ஆகஸ்டில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய 58,000 மாணவர்களில் சுமார் 7,400 பேரைப் பள்ளி மாற்ற வேண்டும். சில பள்ளிகள் நிரம்பி வழிந்து, பிள்ளைகள் வளாகத்தில் நிறுத்திய தற்காலிக அறைகளில் படித்தார்கள். வேறு பள்ளிகளில் இடம் காலியாகக் கிடந்தது. அதைச் சரி செய்வது ஒரு நோக்கம். ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளில் மட்டும் குவிவதைக் குறைப்பது இன்னொன்று. கவுன்ட்டி கவுன்சிலும் பள்ளிகளில் ஒருங்கிணைப்பை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது.

அதற்குப் பிறகு நடந்தது, அந்த ஊர்க்காரர்களே எதிர்பார்க்காதது. பள்ளி எல்லை வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் "பாலிகன்" என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்தச் சில மாதங்கள் மளிகைக் கடை வரிசையில்கூடத் தெருப் பெயருக்குப் பதில் பாலிகன் எண்தான் பேச்சு. பொது விசாரணைகளில் நள்ளிரவு நெருங்கும் வரைக்கும் பெற்றோர் பேசினார்கள். பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். கார் பம்பரில் "நாகரிகத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற கவுன்ட்டி இது. பொது நூலகம் நடத்திய இயக்கம் அது. அதே ஊரில் இன வெறுப்பு தெறிக்கும் கடிதங்கள் வந்தன. எதிர்த்தவர்களில் ஆசிய வம்சாவளிப் பெற்றோர் கணிசமாக இருந்தார்கள்.

அவர்கள் சொன்னதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். பள்ளிக்காகவே கடன் வாங்கி, சக்திக்கு மீறி வீடு வாங்கியவர்கள் உண்டு. பதினொரு வயதில் ஒரு பிள்ளை தன் நண்பர்களைப் பிரிவது சின்ன விஷயம் கிடையாது. பஸ் பயணம் கூடும் என்ற கவலையும் நியாயம்தான். ஆனால் அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு வாதத்தை ஏற்க என்னால் முடியவில்லை: நாங்கள் உழைத்து வாங்கிய பள்ளி என்பது. அது யாரும் வாங்கிய பள்ளி கிடையாது. கவுன்ட்டியின் இன்னொரு மூலையில் வாடகைக்கு இருப்பவரின் வரியும் அதே கட்டடத்தில் இருக்கிறது.

அந்த நவம்பரில் கல்வி வாரியம் பாலிகன் பாலிகனாக விவாதித்து, சுமார் 5,400 பிள்ளைகளை மாற்றும் திட்டத்தை நிறைவேற்றியது. வழக்குகள் தொடுத்தார்கள். புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்த 2020 கல்வி ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா காரணமாகப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

கலந்து படித்தால் என்ன ஆகும் என்பதற்கு, பக்கத்துக் கவுன்ட்டியான மான்ட்கமரியில் பொறுமையாகச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அங்கே புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் ஒரு பகுதியைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1970களிலிருந்தே சட்டம். அரசு வீடு கேட்ட குடும்பங்களுக்கு எந்தப் பகுதியில் வீடு கிடைக்கும் என்பது குலுக்கல் போலத்தான். ஹெதர் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் 2001 முதல் 2007 வரை சுமார் 850 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, 2010ல் முடிவுகளை வெளியிட்டார். இவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். வறுமை குறைந்த பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகள், வறுமை மிகுந்த பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகளை விட ஐந்தாறு ஆண்டுகளில் மிகவும் முன்னேறியிருந்தார்கள். கணிதத்தில் வசதியான பிள்ளைகளோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. வறுமை மிகுந்த பள்ளிகளுக்கு டிஸ்ட்ரிக்ட் தலைக்கு இவ்வளவு என்று கூடுதலாகப் பணம் கொடுத்திருந்தும் இதுதான் முடிவு. பணமும் வேண்டும், பக்கத்து பெஞ்சில் யார் என்பதும் முக்கியம்.

ஆறாம் வகுப்பில் விழும் வரிசை

ஒரு பெற்றோர் மிடில் ஸ்கூலை ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எதைப் பார்ப்பது? நட்சத்திரங்களைப் பார்ப்பதில் தப்பில்லை, உள்ளே பிரித்துப் பார்த்தால். மேரிலாந்து 2018 டிசம்பரிலிருந்து பள்ளிகளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது. தொடங்கியபோது மிடில் ஸ்கூலுக்கான 100 புள்ளிகளில், மதிப்பெண் தேர்ச்சிக்கு 20தான். பிள்ளைகளின் வளர்ச்சிக்கு 25. ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களின் முன்னேற்றம், வருகை, பள்ளிச் சூழலைப் பற்றிய கருத்துக் கணிப்பு ஆகியவை மீதியில் வரும். அந்த வளர்ச்சி எண்ணைத்தான் தேடிப் படிக்க வேண்டும். போன வருடம் உங்கள் பிள்ளை வாங்கிய அதே மதிப்பெண்ணை வாங்கிய மாநிலப் பிள்ளைகளோடு இந்த வருடம் ஒப்பிட்டு, அவர்களில் எத்தனை சதவீதம் பேரைத் தாண்டினாள் என்று கணக்கிடுகிறார்கள். பள்ளியின் நடு எண் 50 என்றால் மாநிலத்தின் சராசரி வேகம். தேர்ச்சி விகிதத்தில் மினுங்கும் பள்ளி இங்கே 50ஐத் தொடாமல் இருக்கலாம். யாரும் கண்டுகொள்ளாத பள்ளி 60ல் இருக்கலாம்.

வருகையை நான் அதைவிடவும் முக்கியமாக நினைக்கிறேன். 180 நாள் பள்ளி ஆண்டில் 18 நாள் அல்லது அதற்கு மேல் வராத பிள்ளையை நாள்பட வராதவர் என்று கணக்கில் எடுக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் இந்த எண் எகிறியது. ஒரு பள்ளி தன் பிள்ளைகளைத் திரும்ப வரவழைக்க என்ன செய்தது என்று முதல்வரிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை வைத்தே அந்தப் பள்ளியைப் பாதி புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று கணிதம். மிடில் ஸ்கூலில் பிள்ளைகளை வரிசை பிரிக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்குள் இயற்கணிதம் முதல் நிலையை முடித்தவர், அடுத்தடுத்து வடிவியல், இயற்கணிதம் இரண்டு, முன் நுண்கணிதம் என்று போய் 12ஆம் வகுப்பில் நுண்கணிதம் படிப்பார். எட்டாம் வகுப்பில் அதை எடுக்காதவர் அந்த ரயிலைப் பிடிக்கக் கோடை விடுமுறையில் படிக்க வேண்டும், அல்லது ஒரே ஆண்டில் இரண்டு பாடம் எடுக்க வேண்டும். இந்தத் தரம் பிரிப்பு ஐந்தாம் வகுப்புத் தேர்விலும் ஆசிரியர் பரிந்துரையிலும் தொடங்கிவிடுகிறது. நம் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடையில் வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, தேவைப்பட்டால் பள்ளிக்கு எழுதி மறுபரிசீலனை கேட்பது எல்லாம் நடக்கிறது. இரவுப் பணிக்குப் போகும் தாய்க்கு, இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாமல் போகிறது.

கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பியில் உயிரைப் பணயம் வைத்துப் போராடிய பாப் மோசஸ், 1980களில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தன் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்பு இயற்கணிதம் இல்லை என்று கண்டார். தானே போய்ச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்; அதிலிருந்து அல்ஜீப்ரா புராஜெக்ட் என்ற இயக்கம் பிறந்தது. இயற்கணிதத்தைக் குடிமை உரிமைப் பிரச்சினையாகவே அவர் பார்த்தார். ஆகவே ஒரு மிடில் ஸ்கூலில் எத்தனை பேர் மேல்நிலைக் கணிதம் படிக்கிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். சலுகைச் சாப்பாடு பெறும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளி நடக்கிறதா என்பது அந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும்.

பள்ளிக்கு நேரில் போவதற்கு மாற்று எதுவும் கிடையாது. பள்ளி திறந்த சில வாரங்களில் பெற்றோர் மாலை ஒன்று நடத்துவார்கள். பிள்ளையின் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்புக்குச் சில நிமிடம் என்று பெற்றோர் அறை அறையாக ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் கவனிக்க நிறைய இருக்கிறது. இசைக்குழு அறையில் வயலினோ டிரம்பெட்டோ வாடகைக்கு எடுக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளியே கொடுக்கிறதா? ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒரே பிள்ளைக் கூட்டத்தைப் பகிர்ந்துகொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா? போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடம் இல்லை? மூன்றாவது கேள்விக்கு வசதியான பள்ளியும் தடுமாறலாம். தீபாவளிக்கு விடுமுறை விட ஹோவர்டு வாரியம் 2016ல் முடிவெடுத்தது, நம்மவர் கூட்டங்களுக்குப் போய்ப் பேசுகிறவர்கள் என்பதற்கு ஒரு சாட்சி. அதே குரல் இந்தக் கேள்விகளுக்கும் கிடைத்தால் இருபது பள்ளிக்கும் நல்லது.

பிறகு, எல்லைக்கோட்டை நம்பி வீடு வாங்க இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஹோவர்டு வாரியத்தின் கொள்கைப்படி ஒரு பள்ளியின் இட நிரம்பல் 90 சதவீதத்துக்கும் 110 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் நிர்வாகம் வெளியிடும் சாத்தியக்கூறு அறிக்கையில், அடுத்த பத்து ஆண்டுகளுக்கான கணிப்போடு பள்ளி வாரியாக அந்த எண் இருக்கும். நீங்கள் பார்த்திருக்கும் வீட்டின் பள்ளி 110ஐத் தாண்டிப் போகிறது என்றால், அடுத்த வரைபடத்தில் உங்கள் பாலிகன் நகரலாம். வீட்டு ஒப்பந்தத்தில் எந்தப் பள்ளி என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.